ஒருவர் வளர்த்த தோட்டம் நம் கைக்கு வரும்போது...



நம் குழுக்களில் நாலைந்து பேராகச் சேர்ந்து தோட்டம் குத்தகைக்கு எடுப்பது இப்போது நல்ல தொழிலாக இருக்கிறது. ஏற்கெனவே பயிர் செய்து வந்தவர் வயதாகி முடியாமலோ, மகள் ஊருக்குப் போவதாலோ தோட்டத்தை விடுகிறார். "செடி இருக்கு, தண்ணி இருக்கு, நாளைக்கே காசு பார்க்கலாம்" என்று நாமும் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதிவிடுகிறோம்.

காலி நிலத்தை எடுப்பது வேறு, காய்த்துக்கொண்டிருக்கும் தோட்டத்தை எடுப்பது வேறு. அங்கே இன்னொருவரின் உழைப்பும் கணக்கும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மண்வெட்டி எடுத்தால் குழுப் பணமும் போகும், உறவும் போகும்.

முதலில் ஆளைக் கேளுங்கள்

நிலத்துக்காரர், "நீங்க எடுத்துக்கோங்கம்மா, அந்த அம்மாவை நான் அனுப்பிக்கிறேன்" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்பில் பயிர் செய்யும் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி, 1955ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்த பல பெண்களுக்கு இது தெரியாது.

அதனால் பழைய சாகுபடியாளரை நேரில் பார்த்து, "நீங்களாகத்தான் விடுறீங்களா அக்கா?" என்று கேளுங்கள். அவர் விருப்பமில்லாமல் வெளியேற்றப்படுகிறார் என்றால் அந்தத் தோட்டம் நமக்கு வேண்டாம். ஒரு பெண்ணை வெளியே தள்ளிவிட்டு நாம் உள்ளே போவது சங்கத்துக்கு அழகல்ல. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து காகிதம்

சிட்டாவில் நிலம் யார் பெயரில், அடங்கலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். கோயில் நிலமாக இருந்தால் குத்தகைதாரர் தானாக நமக்கு மாற்றித் தர முடியாது. கிணறு பங்குக் கிணறா, நமக்கு எந்த நாள் முறை, மோட்டார் இணைப்பு யார் பெயரில் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். குழுத் தீர்மானம் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

செடிக்கு விலை பேசுவது எப்படி?

ஓர் உதாரணம் பார்ப்போம். 30 சென்ட்டில் பாதி மல்லிகை, பாதி செடிமுருங்கை. மார்கழியில் நாம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

மல்லிகைக்கு நவம்பர் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்வார்கள். மார்கழியில் போய்ப் பார்த்தால் வெறும் குச்சியாகத்தான் நிற்கும். "செத்த செடி" என்று பிடுங்கிவிட்டால், பங்குனியில் வரவேண்டிய பூவைக் கையாலேயே அழித்தவர்களாவோம். கவாத்துக் கூலியும் எருச் செலவும் அந்த அக்காவுடையது, பூ நமக்கு. அவர் 5,000 ரூபாய் செலவு செய்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நியாயம். கையில் பணம் இல்லையென்றால் முதல் பருவப் பூவில் பங்கு தருவதாக எழுதிக் கொடுக்கலாம்.

முருங்கையில் வயதைக் கேளுங்கள். செடிமுருங்கையை அறுவடை முடிந்ததும் 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால், நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இப்படி சுமார் 3 ஆண்டு வரை வைத்திருக்கலாம். முதல் ஆண்டுச் செடிக்குத் தரும் விலையை மூன்றாம் ஆண்டுச் செடிக்குத் தரக்கூடாது. பச்சையாக நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மண்ணிலும் பழைய பாக்கி இருக்கும்

பழைய கத்தரி, தக்காளிச் செடிகள் நின்றால் இரண்டைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் முடிச்சு வேறு. அது வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். அது மண்ணுக்கு நல்லது. நூற்புழு இருக்கும் இடத்தில் மறுபடி கத்தரி, தக்காளி, வெண்டை வேண்டாம். ஒரு போகம் செண்டுமல்லி போடுங்கள். சென்ட்டுக்கு 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள்.

கோரை இருந்தால் ஒரு தடவை உழுதுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், கிழங்கு சிதறிப் பெருகும். கோடையில் காயக் காய உழுது, கிழங்கைப் பொறுக்கி வெளியே போட வேண்டும்.

மண் பரிசோதனை கட்டாயம். வரப்பு, எருக்குழி, மர நிழல் ஆகிய இடங்களை விட்டு, 10 இடங்களுக்குக் குறையாமல், முக்கால் அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து அரை கிலோ மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். மண்வள அட்டையில் எந்தச் சத்து குறைவு என்று வரும். யூரியா செலவு எவ்வளவு மிச்சம் என்பது அப்போது தெரியும்.

முதல் மூன்று மாதம்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். காலியாக இருக்கும் ஐந்து சென்ட்டில் சிறுகீரை போட்டால் ஒரு மாதத்துக்குள் கைச்செலவுக்கு வரும். மற்ற இடத்தில் என்ன முளைக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கவனியுங்கள். பழைய அக்காவை இரண்டு முறையாவது கூட்டிவந்து தோட்டத்தைச் சுற்றுங்கள். எந்தப் பாத்தியில் எப்போது பூச்சி வந்தது, என்ன மருந்து அடித்தார், எந்த வியாபாரி ஒழுங்காகப் பணம் தந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். வந்த நாளுக்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. பழைய சாகுபடியாளர் மனமுவந்து விடுகிறாரா?
2. நிலம், கிணறு, மின் இணைப்பு யார் பெயரில்?
3. நிற்கும் பயிருக்கும் அவர் செய்த செலவுக்கும் என்ன தருகிறோம், எப்போது?
4. செடிகளின் வயது என்ன?
5. மண் பரிசோதனை முடிந்ததா?

ஐந்துக்கும் பதில் தீர்மான நோட்டில் ஏறிய பிறகு கடன் விண்ணப்பத்தைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். பருவம் போய்விடுமே என்று பயம் வேண்டாம். பதினைந்து நாளில் கேட்டு முடிக்கக்கூடிய கேள்விகள்தான் இவை. சந்தேகம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நாங்களும் உங்களோடு தோட்டத்துக்கு வந்து பார்க்கிறோம்.