திட்டமும் திருத்தமும்

நீலகிரி ஜில்லாவில் ஓர் இளைஞர் மன்றத்தைக் கட்டிக் காப்பது சமவெளியில் ஒன்றை நடத்துவதைவிடக் கடினமான காரியம். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கங்களில் கொட்டித் தீர்க்கிறது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் ஏறிக் குன்னூரையும் கோத்தகிரியையும் சோதிக்கிறது. மார்கழியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுகிறது. சித்திரையும் வைகாசியும் மற்ற ஊர்களில் பள்ளி விடுமுறையை உத்தேசித்து முகாம்களும் பந்தயங்களும் நடக்கின்ற காலம். இங்கேயோ அது சீசன். விடுதிகளிலும் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் உழைக்கிற வாலிபர்கள், வருஷம் முழுவதற்குமான வருமானத்தில் பெரும் பகுதியை அந்த இரண்டு மாதங்களிலேயே தேடிக்கொள்ள வேண்டியிருப்பதால், மன்றத்தின் பக்கம் அவர்கள் தலைகாட்டாமல் போவதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை.

பருவங்களாவது ஓரளவு முன்கூட்டியே தெரியக்கூடியவை. தெரியாமல் வருகிறவை இன்னும் அதிகம். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபோது, நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் சந்தையிலிருந்து மறைந்துபோனார். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் பசுந்தேயிலையின் விலை வீழ்ந்து, ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளின் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு முதல் கல்யாணம் வரை எல்லாமே ஆட்டங்கண்டன. 2020-இல் பெருந்தொற்று வந்து, ஒரு சீசன் முழுவதையும் துடைத்துக்கொண்டு போயிற்று. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. மறு வருஷம் சாதாரண நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று சீசன் கால வாகனங்களுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. மலையின் நன்மைக்கு அது அவசியமே என்றாலும், சுற்றுலாவை நம்பி வாழும் இளைஞன் தன் வரவு செலவை மறுபடியும் கணக்கிட வேண்டியவனானான். இப்படிப்பட்ட பிரதேசத்தில், தை மாதத்தில் எழுதிய ஆண்டுத் திட்டத்தை மார்கழி வரை ஓர் எழுத்தும் மாற்றாமல் நிறைவேற்ற முற்படும் மன்றம், இரண்டாவது மழைக்கே மனம் தளர்ந்து கதவைப் பூட்டிவிடுகிறது. இதனால், திட்டமே வேண்டாம், வந்தபோது பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிடலாமா என்றால், அதுவும் மன்றத்தைக் கரைத்துவிடும். லட்சியத்தில் உறுதியும் வழிமுறையில் நெகிழ்ச்சியும் ஒருங்கே அமைந்த திட்டமே இந்த மலைக்கு ஏற்றது.

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில், நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களாக, அதாவது பரம்பரை உரிமை நிலங்களாக இருந்து, 1969-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் அரசாங்கத்திடமிருந்து நேரே பட்டா பெறும் ரயத்துவாரி நிலங்களாக மாற்றப்பட வேண்டியிருந்த நிலங்களில், உரிமை யாருடையது என்ற வழக்கு தீராமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிகுடிகள், கையில் பட்டா என்று ஒரு காகிதமும் இல்லாமல், தோட்டங்களுக்கும் குடியேறியவர்களுக்கும் காட்டிலாகாவுக்கும் நடுவே நெருக்குண்டு, சொந்த மண்ணிலேயே அன்னியராய் நின்றார்கள். 1980-களின் நடுவில் ஸ்டான் தேக்கேகரா, மாரி தேக்கேகரா தம்பதிகள் கூடலூரில் 'அக்கார்டு' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கியபோது, ஆதிவாசி இளைஞர்களைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று உட்கார்ந்து பேசுவதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து ஊர்ச் சங்கங்கள் பிறந்தன. ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆயிற்று. 1988 டிசம்பர் 5-ஆம் தேதி சுமார் 10,000 ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூரின் வீதிகளில் ஊர்வலமாக நடந்தபோது, அதுவரை அவர்களைக் கண்ணெடுத்தும் பாராத ஊர் அவர்களைப் பார்த்தது.

ஊர்வலத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை. மீட்ட நிலத்தை எப்படிக் கையில் வைத்துக்கொள்வது என்ற கேள்வி உடனே எழுந்தது. ராகியோ இஞ்சியோ பயிரிட்டால், அறுவடை முடிந்த மறுநாள் அது வெறும் நிலம். யார் வேண்டுமானாலும் வேலி போட்டுக்கொள்ளலாம். தேயிலைச் செடியோ ஒரு முறை வேரூன்றினால் பல்லாண்டுகள் நிற்பது. பட்டா இல்லாதவனுக்கும், இங்கே நான் உழைக்கிறேன் என்று சாட்சி சொல்வது. ஆகவே நில உரிமைக்காகத் திரண்ட சங்கம் நாற்றங்கால் போட்டுத் தேயிலைக் கன்று வளர்க்கும் சங்கமாயிற்று. போராட்டத்தைக் கைவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அதே உரிமையை வேறொரு வழியில் நிலைநாட்டினார்கள்.

நிலத்தைப் பற்றிப் பேசப் போன இடங்களிலெல்லாம், பிரசவத்தில் இறந்த தாய்மார்களையும், சாதாரண வயிற்றுப்போக்கில் மாண்ட குழந்தைகளையும் பற்றிய செய்திகளே காதில் விழுந்தன. ஆகவே இளம் மருத்துவர்கள் வந்து, ஊருக்கு ஊர் ஆதிவாசிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். நோய் முற்றியவர்களை எங்கே அனுப்புவது என்ற பிரச்னை அதன் பின் எழவே, 1990-இல் 'அஸ்வினி' என்ற அமைப்பின் கீழ் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை உருவாயிற்று. அதில் செவிலியராக அமர்ந்தவர்கள், சொற்பப் பள்ளிப்படிப்போடு வந்த ஆதிவாசிப் பெண்கள். பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சையில் மருத்துவருக்குத் துணைநிற்கவும் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். நோயாளி தன் பாஷையில் வலியைச் சொன்னால் புரிந்துகொள்ள ஆள் இருந்ததால், ஆஸ்பத்திரி என்றால் அஞ்சி ஓடியவர்கள் தாமே தேடி வரலாயினர். மருத்துவச் செலவு குடும்பத்தைக் கவிழ்க்காதிருக்க, 1992-இல் சங்க உறுப்பினர்களுக்கென்று ஒரு காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து நின்றுவிடுவதைக் கண்டு கல்வியில் கைவைத்தபோது, வித்யோதயா பள்ளி ஆதிவாசிக் குழந்தைகளின் பள்ளியாக மலர்ந்தது. தேயிலை விலை சரிந்தபோது, விளைவிப்பவரையும் வாங்கிக் குடிப்பவரையும் நேரே இணைக்கும் 'ஜஸ்ட் சேஞ்ச்' முயற்சிக்கு அடி கோலப்பட்டது.

நிலம், தேயிலை, மருத்துவம், காப்பீடு, கல்வி, வாணிபம் என்ற இவை முதல் நாளே எழுதி வைத்த திட்டத்தின் அத்தியாயங்கள் அல்ல. ஒன்றைச் செய்யும்போது கண்ணில் பட்ட குறை மற்றொன்றுக்கு வித்தாயிற்று. ஆதிவாசிகள் தங்கள் காலில் தாங்களே நிற்க வேண்டும் என்ற நோக்கம் மட்டும் ஆரம்பம் முதல் மாறவில்லை. அது உறுதியாக இருந்தபடியால்தான் மற்றவற்றைத் தயக்கமின்றி மாற்ற முடிந்தது.

மேல்நாட்டு அறிஞர்களும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். காடுகளையும் மீன்வளத்தையும் ஆராய்ந்த கனடா தேசத்து விஞ்ஞானி ஹாலிங், இயற்கையைப் பற்றி நமக்கு முழுமையாக ஒருபோதும் தெரியப்போவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு பரீட்சையாகச் செய்து, விளைவைக் கவனித்து, அடுத்த நடவடிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற முறையை, தம் சகாக்களோடு 1978-இல் ஒரு நூலாக வெளியிட்டார். காட்டுக்கென்று தோன்றிய அந்த முறையை இன்று பொதுநலத் தொண்டு ஸ்தாபனங்களும் கைக்கொள்கின்றன. நம்முடைய வள்ளுவரோ பொருட்பாலில், தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்ன அந்த வரிசை, இருபது பேர் கூடும் ஒரு மன்றத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

தெரிந்து செய்வதாவது, மன்றம் எதற்காக இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வது. 'நம் ஊர்ப் பிள்ளை எவரும் பத்தாம் வகுப்புக்கு முன் படிப்பை நிறுத்தக் கூடாது' என்பது ஒரு நோக்கம். 'ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு' என்பது வெறும் ஏற்பாடு. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் இந்த வேற்றுமை யாவருக்கும் விளங்கிற்று. கூடம் பூட்டப்பட்டதும் ஏற்பாட்டையே நோக்கமென்று எண்ணியவர்கள் ஓய்ந்து போனார்கள். மற்றவர்களோ பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போகலாமே என்று யோசித்தார்கள். 2021 அக்டோபரில் அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி, ஊர்தோறும் படித்த இளைஞர்களை, பெரும்பாலும் பெண்களை, தன்னார்வலர்களாக அழைத்தபோது, அதே யோசனை தமிழ்நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று.

வலியறிதல் என்பது பெயர்ப் பட்டியலில் எத்தனை பேர் என்று பார்ப்பதன்று. கொழுந்து மிகுந்து வரும் மாதத்தில், சீசனில், பரீட்சைக் காலத்தில் உண்மையாகவே எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்கிடுவது. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போய்விடும் செயலாளர் ஒருவரையே நம்பியிருக்கும் மன்றம் அவரோடு பஸ் ஏறிவிடும். ஆகையால் கணக்குப் புத்தகம், கூடத்தின் சாவி, பஞ்சாயத்து அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்ற விவரம் ஆகிய ஒவ்வொன்றையும் இரண்டு பேராவது அறிந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஊரை விட்டுப் போகாத பெண்ணாக இருப்பது உசிதம். ஹட்டி எனப்படும் மலைக் கிராமங்கள் பலவற்றிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் மன்றம் என்றாலே ஆண்பிள்ளைகளின் கூட்டம் என்றிருக்கும் வழக்கம், நியாயத்துக்கு மாறானது மட்டுமன்று, திட்டத்தையே பலவீனப்படுத்துவது.

காலமறிதலுக்கு மலையே பஞ்சாங்கம் வகுத்துத் தருகிறது. பங்குனியில், சீசனுக்கு முன் ஒரு கூட்டம், ஆனியில், சீசன் முடிந்து மழை தொடங்கும் வேளையில் ஒன்று, புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்று, மார்கழியில் ஒன்று. ஒவ்வொரு கூட்டத்திலும் சென்ற மூன்று மாதம் நடந்தது என்ன, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது, அடுத்த மூன்று மாதத்தில் எது தவறிப்போகக் கூடும், தவறினால் மாற்று என்ன என்பவற்றைப் பேசி, ஒரே தாளில் எழுதிக் கூடத்தின் சுவரில் ஒட்டிவிட வேண்டும். நிறுத்துவதைப் பற்றிய கேள்விதான் மிகவும் கடினமானது. பயன் தராத ஒரு வேலையைக் கௌரவத்துக்காக இழுத்துக்கொண்டிருக்கும் மன்றத்துக்குப் புதிய வேலைக்குக் கை ஒழியாது.

இடனறிதல் இங்கே உயிர் காக்கும் அறிவு. 2009 நவம்பர் 10-ஐ ஒட்டிய நாட்களில், கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கும் அதிகமாக, மழை கொட்டிற்று. மலைச்சரிவுகள் வீடுகளின் மேல் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் அதே அளவைத் தாண்டி மழை பெய்தது. ஜில்லாவில் 283 இடங்கள் அபாயகரமானவை என்று நிர்வாகம் கணக்கெடுத்து, முதல்நிலை மீட்பாளர்களாக உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியும் அளித்து வருகிறது. ஆயினும் சாலை அறுந்த இரவில், மீட்புப் படை வந்து சேரும் வரை உள்ள முதல் சில மணி நேரம் அந்தந்த ஊர் வாலிபர்களின் கையில்தான் இருக்கிறது. எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் நிறைமாத கர்ப்பிணி இருக்கிறாள், செல்போன் கோபுரம் செயலற்றால் அடுத்த ஹட்டிக்கு எந்த ஒற்றையடிப் பாதையில் யார் ஓடுவது, கயிறும் கடப்பாரையும் எவர் வீட்டில் உள்ளன என்பவை அவர்களுக்கு மட்டுமே தெரிந்தவை. புரட்டாசிக் கூட்டத்தில் இவ்விவரங்களைப் புதுப்பித்து எழுதிவைக்கும் மன்றம், அந்த வருஷம் வேறு எதுவும் செய்யாவிட்டாலும், தன் கடமையைச் செய்ததாகும்.

இளைஞர்களுக்கு இவ்வளவு சொல்லிவிட்டு, பெரியவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஊர்த் தலைவர்களும், நன்கொடையாளர்களும், மானியம் வழங்கும் ஸ்தாபனங்களுமாகிய நாம், சொன்னதைச் சொன்னபடியே செய்தீர்களா என்று ஒரே கேள்வியைக் கேட்கப் பழகியிருக்கிறோம். அந்தக் கேள்வி இருக்கும் வரை, மழையில் நின்றுபோன பந்தயத்தை நடந்ததாக எழுதவும், யாருக்கும் வேண்டாத முகாமைப் பணம் வந்துவிட்டதே என்று நடத்தவும் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக, எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், அதனால் யாருக்கு நன்மை என்று கேட்போமானால், உண்மை சொல்வது அவர்களுக்குச் சுலபமாகும். கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இன்ன செலவுக்கென்று குறிக்காமல், எதிர்பாராததற்கென்று விட்டுவைக்கும் தாராளமும் நமக்கு வேண்டும். கூடலூரில் ஊர்ப் பேச்சாகத் தொடங்கியது ஆஸ்பத்திரியாகவும் பள்ளியாகவும் வளர்ந்ததென்றால், மாற்றிக்கொள்ள அவர்களுக்கு இடம் இருந்தது என்பதே முக்கியமான காரணம். அந்த இடத்தை நம் ஊர் மன்றத்துக்கும் கொடுப்பது நம்மைப் பொறுத்தது. வருகிற பங்குனியிலேயே அதைத் தொடங்கலாம்.