பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்ணின் குடிவழித் தேடல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் எளிய பெண்ணின் குடிவழியைத் தேடும் ஆய்வு, பெரும்பாலும் அவரது திருமணத்தோடு தடைப்படுகிறது. கணவரின் குடும்பப்பெயரை ஏற்றதும் பிறந்தகப் பெயர் மறைந்துவிடுவதே இதற்குக் காரணம். இத்தடையை நீக்க உதவுவது அவர் பெற்ற குழந்தையின் பிறப்புச் சான்றாகும். 1837 சூலையில் தொடங்கிய குடிமைப் பதிவுமுறையில், தாயின் பிறந்தகக் குடும்பப்பெயரும் அச்சான்றில் இடம்பெற்றது. அதனைக் கொண்டு திருமணப் பதிவைக் கண்டறிந்தால், பெண்ணின் தந்தை பெயரும் தொழிலும் தெரியவரும். 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிறந்த ஊரைக் காட்டும். அவ்வூர்த் தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் தாயின் இயற்பெயர் கிடைக்கக்கூடும். திருமணப் பதிவில் தாயின் பெயர் சேர்க்கப்பட்டது 2021இல்தான். எனவே, இத்தகைய ஆய்வு பெண்ணின் திருமணத்திலிருந்து அன்றி, அவரைத் தாயாகக் குறிக்கும் ஆவணத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.