மனிதத் தோல் போர்த்திய புலி



காட்டுக்குள் நடக்கும்போது புலியைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்பது இந்நாட்டு மலாய்க் கிராமத்தார் கடைப்பிடித்த பழைய வழக்கம். 'தோக் பெலாங்', அதாவது வரிகள் கொண்ட தாத்தா, என்று மரியாதையாகக் குறிப்பிடுவார்கள். இரவு நேரத்தில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்லும் நம் பாட்டிமாரின் வழக்கமும் இதே வகைதான். அச்சமும் மரியாதையும் கலந்த இந்த மனநிலையிலிருந்து பிறந்தவைதான் புலி மனிதக் கதைகள். பகலில் மனிதனாக ஊருக்குள் நடமாடி, இரவில் புலியாகக் காட்டுக்குள் போகும் அந்தப் பிறவியை மலாய் மொழியில் 'ஹரிமாவ் ஜாடியான்' என்பார்கள்.

இந்த நம்பிக்கையை மையமாக வைத்து எழுதப்பட்ட ஒரு நாவலைப் பற்றி இன்று பார்ப்போம். நாவலின் பெயர் 'தி நைட் டைகர்'. இரவுப் புலி என்று பொருள். 2019ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதியவர் யாங்ஸி சூ என்ற பெண்மணி. மலேசியச் சீனக் குடும்பத்தைச் சேர்ந்த இவர், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியவர். கதை நடக்கும் இடமோ நமக்கு நன்கு தெரிந்த பேராக் மாநிலம். ஈப்போவும் பத்து காஜாவும் கதையின் இரு முனைகள். காலம் 1931.

அந்த ஆண்டை நம் குடும்பங்கள் எளிதில் மறக்க முடியாது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போன காலம் அது. பால்மரம் சீவிப் பிழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இனிக் கதைக்கு வருவோம். ரென் என்ற பதினொரு வயதுச் சிறுவன் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் வீட்டில் வேலை செய்கிறான். அந்த மருத்துவர் சாகும் தறுவாயில் ஒரு வேண்டுகோள் விடுக்கிறார். முன்பு வெட்டி எடுக்கப்பட்ட தம் விரலைத் தேடிக் கண்டுபிடித்துத் தம் உடலோடு சேர்த்துப் புதைக்க வேண்டும், அதையும் 49 நாள்களுக்குள் செய்ய வேண்டும் என்கிறார். தவறினால் அவருடைய ஆவி அமைதியின்றி அலையும் என்பது நம்பிக்கை. இறந்தவர் உண்மையிலேயே ஒரு புலி மனிதரோ என்ற அச்சமும் சிறுவனை வாட்டுகிறது.

ஈப்போவில் ஜி லின் என்ற இளம்பெண் தையல் பழகிக்கொண்டிருக்கிறாள். தாயின் சூதாட்டக் கடனை அடைக்க, வீட்டுக்குத் தெரியாமல் நடன அரங்கில் ஆடவும் போகிறாள். அங்கே ஆட வந்த ஒருவனிடமிருந்து ஒரு கண்ணாடிக் குப்பி அவள் கைக்கு வந்து சேர்கிறது. உள்ளே பார்த்தால் ஒரு மனித விரல்! சிறுவன் தேடும் விரல் அதுதானா? முடிவை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. படிக்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுப்பது முறையல்ல.

நாவலில் ஆசிரியர் ஒரு வேறுபாட்டை விளக்குகிறார். மேல்நாட்டுக் கதைகளில் வரும் ஓநாய் மனிதன் அடிப்படையில் மனிதன். முழுநிலவன்று விலங்காக மாறுகிறான். நம் வட்டாரத்துப் புலி மனிதனோ அடிப்படையில் விலங்கு. வேண்டும்போது மனிதத் தோலைப் போர்த்திக்கொண்டு ஊருக்குள் வருகிறது. தமிழ் நேயர்களுக்கு இது விளங்காத செய்தியல்ல. 1979இல் வந்த 'நீயா' திரைப்படத்தில் பாம்பு பெண்ணுருக் கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

இப்படிப்பட்ட கதைகளில் சந்தேகம் யார் மீது விழுகிறது? இதுதான் நாம் கவனிக்க வேண்டிய கேள்வி. பழைய ஏடுகளைப் புரட்டினால் விடை கிடைக்கும். ஹியூ கிளிஃபர்ட் என்ற ஆங்கில அதிகாரி 1897இல் வெளியிட்ட நூலில் புலி மனிதன் கதை ஒன்று இருக்கிறது. சுமத்ராவின் கெரிஞ்சிப் பகுதியைச் சேர்ந்த ஒரு வியாபாரி பேராக்கின் சிலிம் வட்டாரத்தில் வந்து தங்குகிறார். உள்ளூர்ப் பெண்ணை மணந்துகொள்கிறார். ஓர் இரவு வீட்டு ஏணியில் புலி ஏறி வருவதையும், அதன் தலை தன் கணவனின் முகமாக மாறுவதையும் அந்தப் பெண் காண்கிறாள். பயந்துபோய்ப் பெற்றோரிடம் ஓடிவிடுகிறாள். இறுதியில் அந்த வியாபாரி ஊரை விட்டே மறைகிறார்.

கெரிஞ்சிக்காரர்கள் எல்லாருமே புலியாக மாற வல்லவர்கள் என்ற பேச்சு அந்நாளில் தீபகற்பமெங்கும் இருந்தது. மேலுதட்டின் நடுவில் பள்ளம் இல்லாதிருப்பது புலி மனிதனின் அடையாளம் என்றும் நம்பினார்கள். கெரிஞ்சிக்காரர்கள் செய்த குற்றந்தான் என்ன? கடல் கடந்து வந்தார்கள். மூட்டை சுமந்து ஊர் ஊராக நடந்தார்கள். அவர்களுடைய தாய் தந்தையர் யாரென்று ஊராருக்குத் தெரியாது. இரவில் கால்நடை காணாமற் போனால் ஊரார் விரல் அவர்களை நோக்கி நீண்டது. அயலூர்க்காரனை நம்பாத மனம், அவனுக்குப் புலித்தோலைப் போர்த்திவிட்டது. கடல் கடந்து வந்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இந்தச் சங்கடம் புரியாமல் போகாது.

'இரவுப் புலி' நாவல் இந்தச் சந்தேகத்தை வேறொரு திசைக்குத் திருப்புகிறது. கதையில் அம்பிகா என்ற தமிழ்ப் பெண் வருகிறாள். தோட்டத் தொழிலாளி. ஒரு நாள் அவளுடைய சிதைந்த உடல் கண்டெடுக்கப்படுகிறது. புலியடித்து இறந்தாள் என்று ஊர் பேசுகிறது. ஆனால் இது புலியின் வேலை மட்டும்தானா என்ற ஐயம் மருத்துவமனையில் எழுகிறது. அவளோடு மறைவாகப் பழகிய வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் அங்கேயே இருக்கிறார். உடலை அடையாளம் கண்டுகொண்டும் அவர் வாய் திறக்கவில்லை. வெளியே சொன்னால் தம் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை அவருக்கு!

நேயர்களே, நாவலில் நம் நெஞ்சைத் தொடும் இடம் இதுதான். புலி என்று சொல்லிவிட்டால் விசாரணைக்கு வேலையில்லை. காட்டு விலங்கை யார் நீதிமன்றத்துக்கு அழைத்துவர முடியும்? ஏழைத் தொழிலாளிப் பெண்ணின் சாவு இப்படி எளிதாக மூடப்பட்டுவிடலாம். மனிதத் தோல் போர்த்தி ஊருக்குள் நடமாடுவது மூட்டை சுமந்த வியாபாரியா, நல்ல உடை உடுத்தி ஊரார் வணக்கத்தை வாங்கிக்கொள்ளும் பெரிய மனிதரா என்ற கேள்வியை நாவல் நம் முன் வைக்கிறது.

இதே ஆசிரியர் 2024இல் 'தி ஃபாக்ஸ் வைஃப்' என்ற இன்னொரு நாவலை வெளியிட்டார். இது 1908ஆம் ஆண்டு மஞ்சூரியாவில் நடக்கும் கதை. இதில் நரி பெண்ணாக உருமாறி நகரத்துக்குள் வாழ்கிறது. மருந்துக் கடைக் குடும்பத்தில் பணிப்பெண்ணாக வேலை செய்கிறது. அது மனிதரை ஏமாற்ற வந்த நரியன்று. தன் குட்டியின் சாவுக்குக் காரணமான மனிதனைத் தேடி வந்த தாய். கதையின் ஒரு பகுதியை அந்தத் தாயே தன் வாயால் சொல்கிறாள். விலங்கின் கண்ணால் பார்த்தால் மனிதன்தான் கொடிய பிறவியாகத் தெரிகிறான்.

இப்படியானால் உண்மையான புலியின் நிலை என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். காட்டை அழித்துத் தோட்டங்கள் போட்டபோது மானும் காட்டுப்பன்றியும் வாழ்ந்த இடம் சுருங்கியது. புலி விடியலிலும் அந்தியிலும் நடமாடுவது. பால்மரம் சீவப் போகிறவர்களும் விடியலில்தான் போவார்கள். இருவரும் எதிர்ப்பட்டதில் வியப்பில்லை. முதுமையாலோ காயத்தாலோ வேட்டையாட இயலாத புலி, எளிதில் அகப்படும் இரையை நாடுவதும் உண்டு. 1950களில் இந்நாட்டில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடத்தப்பட்ட தேசியக் கணக்கெடுப்பு, காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகக் காட்டியது. நாம் அஞ்சிய தாத்தா இன்று நம்மைக் கண்டு அஞ்சி ஒடுங்கிவிட்டார்.

ஆகவே, பிள்ளைகள் இத்தகைய கதைகளைப் படித்தால், வீண் கற்பனை என்று தடுக்க வேண்டாம். மனிதன் புலியாவானா என்று கேட்டால், ஆகமாட்டான் என்று நேராகச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், இந்தக் கதையில் ஊரார் யாரைச் சந்தேகித்தார்கள், ஏன் சந்தேகித்தார்கள், யாரைச் சந்தேகிக்கவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். லயத்து வாசலில் உட்கார்ந்து பெரியவர்கள் சொன்ன புலிக்கதைகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். புலியிடம் அகப்பட்டவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த நிரையில் வேலை செய்தார் என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளட்டும்.