போட்டதே தெரியாமல் இருக்க வேண்டும்

தீவகப் பெண்கள் நலம் – 9

மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கை வீங்குவது ஏன், அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் எவை என்று சென்ற வாரம் பார்த்தோம். அதை வாசித்துவிட்டு ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு சகோதரி செயற்கை மார்பு பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய பேச்சிலேயே தருகிறேன்.

"லண்டனில இருக்கிற தங்கச்சி சிலிக்கோன் ஒண்டு வாங்கி அனுப்பினவ. நல்ல விலையாம். போட்டால் தோள் இழுக்குது, வேர்த்துக் கொட்டுது. மத்தியானத்துக்குள்ள கழட்டி வைச்சிடுவன். அவ்வளவு காசு குடுத்து வாங்கினதைப் போடாமல் வைச்சிருக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லவும் ஏலாமல் கிடக்கு. எனக்குத்தான் பழக்கமில்லையோ?"

பழக்கமில்லாததால் வந்த சிக்கல் இல்லை அக்கா. உங்கள் உடம்பை அளக்காமல் வாங்கிய பொருள் அது. கால் அளவு கேட்காமல் வாங்கி அனுப்பிய செருப்பு கடித்தால் காலில் குற்றம் சொல்வோமா? செயற்கை மார்பும் அப்படித்தான். விலை, கம்பனிப் பெயர், எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் பிறகு. போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்யும்போது, போட்டிருக்கிறோம் என்ற நினைப்பே வரக்கூடாது. நல்லதுக்கு அடையாளம் அதுதான்.

முதலில் காலக்கணக்கு. சத்திரசிகிச்சை முடிந்தவுடன் சிலிக்கோன் போடக்கூடாது. முதல் ஆறு, எட்டு வாரங்களுக்குப் பஞ்சோ மெல்லிய ஸ்பொஞ்சோ வைத்த, பாரமே இல்லாத துணி மார்புதான் ஏற்றது. தையல் ஆற வேண்டும், வீக்கம் வடிய வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையும் எடுப்பவர்கள் தோலின் சிவப்பும் எரிவும் முற்றாக அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். எப்போது சிலிக்கோனுக்கு மாறலாம் என்பதைக் கிளினிக்கில் காயத்தைக் காட்டிக் கேட்டே முடிவுசெய்யுங்கள்.

அடுத்தது பாரம். நடுத்தர அளவுச் சிலிக்கோன் மார்பு ஒன்று அரைக் கிலோவை நெருங்கலாம். பெரியவை ஒரு கிலோவரை போகக்கூடும். ஒரு பக்கப் பாரம் திடீரென்று இல்லாமற்போவதால் சிலருக்குத் தோள் ஒரு பக்கம் உயர்ந்து, கழுத்தும் முதுகும் வலிக்கும். உடல்வாகு பெருத்தவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். அவர்களுக்கு மற்ற மார்பின் பாரத்துக்கு ஓரளவு ஈடான சிலிக்கோன் உதவும். மெலிந்த உடம்புக்காரருக்கு அவ்வளவு பாரம் தேவையே இல்லை. கை வீக்கம் உள்ளவர்கள் பாரத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாரமான மார்பை ஒடுங்கிய தோள்பட்டியில் தொங்கவிட்டால் பட்டி தோளில் பதிந்து அழுத்தும். வீக்கமுள்ள கைக்கு அது கூடாது. பாரம் குறைந்த சிலிக்கோனும் கடையில் உண்டு. வழக்கமானதைவிட நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை குறைவாக இருக்கும்.

வடிவமும் ஒரே மாதிரி இல்லை. ஒரு காலத்தில் மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்தார்கள். இன்று பெரும்பாலும் தசையை விட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள். எனவே தழும்பும் பள்ளமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கமக்கட்டுப் பக்கம் பள்ளமாக இருப்பவருக்கு, அந்தப் பக்கம் வால்போல நீண்ட வடிவம் வேண்டும். ஒரு பகுதியை மட்டும் எடுத்தவருக்கு, மிச்ச மார்பின்மேல் மூடிபோல வைக்கும் மெல்லிய வடிவம் போதும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாகவும், இரு பக்கத்துக்கும் பொதுவாகவும் செய்கிறார்கள்.

இடது, வலது என்று பிரித்துச் செய்யும் வழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் கோபம் இருக்கிறது. பார்பி பொம்மையை உருவாக்கிய அமெரிக்கப் பெண் ரூத் ஹேண்ட்லருக்கு 1970இல் ஒரு மார்பு அகற்றப்பட்டது. கடையில் கிடைத்தவை உருவமில்லாத உருண்டைகளாக இருந்தன. அவற்றைப் பார்த்து மனம் வெறுத்த அவர், பெய்ற்றன் மசி என்ற கைவினைஞரோடு சேர்ந்து தாமே செய்யத் தொடங்கினார். எழுபதுகளின் நடுப்பகுதியில் 'நியர்லி மீ' என்ற பெயரில் அவை விற்பனைக்கு வந்தன. பிரா அளவுகளிலேயே, இடது வலது பிரித்துச் செய்தார். கடை கடையாகப் போய், வந்த பெண்களுக்குத் தாமே அளவு பார்த்துப் பொருத்தியும் விட்டார். அதைப் போட்டு வாழப்போகும் ஒருத்தியே செய்ததால்தான் அதில் அந்தக் கவனம் இருந்தது.

இனி வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பும் விஷயம். பிரித்தானியாவில் அரச சுகாதார சேவையே செயற்கை மார்பை இலவசமாகக் கொடுக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதற்கு அரச உதவிப் பணம் உண்டு. அதனால் அங்குள்ள நம் சொந்தங்களுக்கு எங்கே போய் வாங்குவது என்று விசாரித்தறிவது சுலபம். ஆனால் அவர்களிடம் சும்மா "ஒண்டு அனுப்பு" என்று சொல்லாதீர்கள். பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.

மார்புக்குக் கீழே நெஞ்சைச் சுற்றிய அளவு எவ்வளவு? இருக்கும் மார்பின் அளவு எவ்வளவு? ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் நாடாவை முழுதாகச் சுற்றி அளந்தால் பிழைத்துவிடும். நெஞ்செலும்பின் நடுவில் நாடாவை வைத்து, மார்பின் உயர்ந்த இடத்தின் மேலாக முதுகெலும்பின் நடுவரை கொண்டுபோய், வரும் அளவை இரட்டிப்பாக்குங்கள். எடுத்தது இடமா வலமா? முழுவதுமா, பாதியா? கமக்கட்டில் பள்ளம் உண்டா? கை வீக்கம் உண்டா? எத்தனை மாதமாகிறது? இவ்வளவும் தெரிந்தால் அந்த நாட்டுக் கடைக்காரி ஓரளவு சரியானதை எடுத்துக் கொடுப்பாள். மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

எழுதிய அக்காவுக்கு ஒன்று. தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு வசதியானதை வாங்கித் தர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையும்.

பல பேருடைய சிக்கலுக்குக் காரணம் மார்பு இல்லை, பிரா. தோள்பட்டி இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும். கீழ்ப்பட்டி உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். முன்பக்க நடுப்பகுதி நெஞ்செலும்பில் படிந்திருக்க வேண்டும். கம்பி வைத்தது வேண்டாம். செயற்கை மார்பு நழுவாமல் இருக்கப் பிராவின் உட்புறம் ஒரு பை தேவை. அதற்கென்று விசேஷ பிரா வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. துவைத்துத் துவைத்து மெதுமையான பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு எடுத்து, உங்கள் வழக்கமான பிராவின் கிண்ணத்துக்குள் வைத்துத் தைக்கலாம். கமக்கட்டுப் பக்கம் வாய் திறந்திருக்கட்டும். அந்த வழியால்தான் மார்பை உள்ளே தள்ளி வெளியே எடுக்க வேண்டும். தையல் மடிப்பு தழும்பில் உரசாதபடி மறுபக்கம் போக வேண்டும். ஊரில் தைக்கும் ஒரு அக்காவால் ஒரு பின்னேரத்தில் முடியக்கூடிய வேலை.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்று பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். குனிந்து முற்றம் கூட்டுவதுபோலச் செய்யுங்கள். கிணற்றில் தண்ணி அள்ளுவதுபோல இழுத்துப் பாருங்கள். மார்பு வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது, மேலே ஏறவும் கூடாது. முதல் நாட்களில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் தழும்பைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் அளவோ துணியோ சரியில்லை.

தீவகத்தின் வெயிலும் உவர்த் தண்ணியும் தனிப் பிரச்சினை. சிலிக்கோனுக்கும் தோலுக்கும் இடையில் வேர்வை தங்கினால் அரிப்பும் பூஞ்சணமும் வரும். நாளும் மிதமான சோப்புப் போட்டு நல்ல தண்ணியில் கழுவி, மெதுவாக ஒற்றித் துடைக்க வேண்டும். குடிக்கவே நல்ல தண்ணி தேடி அலைகிற இடத்தில் இதற்கு ஒரு செம்பு தண்ணி ஒதுக்குவதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். உவர்த் தண்ணியில் கழுவ வேண்டி வந்தால் கடைசியில் ஒரு தரம் நல்ல தண்ணியால் அலசிவிடுங்கள். சீலைக்குக் குத்தும் ஊசி, மீன் முள், பூனையின் நகம் ஆகியவை சிலிக்கோனுக்கு எமன். மீன் வெட்ட உட்காரும்போது துணி மார்பையே போட்டுக்கொள்ளுங்கள். கவனமாக வைத்திருந்தால் நல்ல சிலிக்கோன் இரண்டு, மூன்று வருடம் உழைக்கும்.

அந்தத் துணி மார்பைத் தாழ்வாக எண்ண வேண்டாம். வெக்கைக்கு அதுதான் சுகம். 2011இல் அமெரிக்காவில் பார்பரா டெமொரெஸ்ட் என்ற பெண் பருத்தி நூலில் பின்னிய மார்புகளை இலவசமாகக் கொடுக்கும் முயற்சியைத் தொடங்கினார். அது பல நாடுகளுக்குப் பரவியது. மும்பையில் சாயிஷா இந்தியா பவுண்டேஷன் என்ற அமைப்பு, வீட்டுப் பெண்கள் குறொசே ஊசியால் பின்னித் தருவதை நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. குறொசே தெரிந்த கைகள் நம் தீவுகளில் எத்தனை! வேலணையிலும் நயினாதீவிலும் ஒவ்வொரு மாதர் சங்கம் கூடி இருந்தால் போதும்.

வீட்டில் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை. பஞ்சு மட்டும் வைத்தால் பாரம் இல்லாமல் மேலே ஏறும் என்பதால், அடியில் எதையாவது வைத்துத் தைப்பது வழக்கம். கடற்கரை வீடுகளில் கைக்கு எட்டுவது வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. அதை வைக்கவே வைக்காதீர்கள். ஈயம் நஞ்சு. நாள் முழுதும் வேர்வையோடு உடம்பில் கிடக்க வேண்டிய பொருள் இல்லை அது. அரிசியும் தினையும் வேர்வையில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிப் பாசிமணிகளை ஒரு சின்னத் துணிப் பையில் இறுகத் தைத்து, தோலில் படாமல் முன்பக்கம் அடியில் வையுங்கள். துவைக்கும்போது கழற்றி எடுக்கவும் வசதி.

கிணற்றடிக் குளிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறுக்குக்கட்டோடு குளிக்கும் நம் வழக்கத்தில் ஈரத்துணி எதையும் மறைக்காது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இருட்டியபின் மட்டுமே குளிக்கப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். எந்தச் செயற்கை மார்பும் இதற்கு முழுத் தீர்வு இல்லை. வீட்டு ஆம்பிளைகள் கிடுகால் நாலு பக்கமும் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்தால் அதுவே பெரிய வைத்தியம்.

எதுவுமே போடாமல் இருப்பதும் ஒரு தெரிவுதான். கறுப்பினக் கவிஞர் ஓட்றி லோர்டுக்கு 1978இல் நியூயோர்க்கில் ஒரு மார்பு அகற்றப்பட்டது. அவரிடம் கொண்டுவந்து கொடுத்தது வெள்ளைத் தோலின் வெளிர் ரோஜா நிறத்தில், கம்பளி அடைத்த ஒன்று. அவர் அதைப் போட மறுத்தார். போடாமல் கிளினிக்குக்குப் போனபோது, மற்ற நோயாளிகளின் மனம் சோர்ந்துவிடும் என்று தாதி கடிந்துகொண்டதை 1980இல் வெளிவந்த தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போட்டுக்கொண்டு, வீட்டில் கழற்றிவைப்பவர்களும் உண்டு. எப்போது போடுவது, எப்போது கழற்றுவது என்பதைத் தீர்மானிப்பவர் அந்தப் பெண் மட்டுமே. "சனம் என்ன சொல்லும்" என்று சொல்லி மாமியோ புருஷனோ வற்புறுத்த உரிமையில்லை. "இந்த வயசில உனக்கு ஏன் இதெல்லாம்" என்று தடுக்கவும் உரிமையில்லை.

ஒரு காலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வடக்கிலிருந்து மகரகமவுக்குப் போக வேண்டியிருந்தது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூர நடைபயணம் ஒன்றில் நாடெங்கும் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது, 2013இல் திறக்கப்பட்டது. ஊர்காவற்றுறையார் காரைநகருக்குப் பாதையேறியோ பண்ணைப் பாலம் கடந்தோ அங்கு போய்வரலாம். நெடுந்தீவாருக்குக் குறிகட்டுவான்வரை படகுப் பயணம், அதன்பின் பஸ். இவ்வளவு தூரம் வந்து கிளினிக் முடித்துத் திரும்பும் பெண்ணை, செயற்கை மார்புக்காக இன்னொரு நாள் யாழ்ப்பாணக் கடைகளில் அலையவிடுவது நியாயமில்லை. அதுவும் கடையில் ஆண்கள் நிற்க, திரையில்லாத மூலையில் அளவு சொல்லி வாங்க விடுவது அதைவிடக் கொடுமை.

கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் கொடுப்பதை நம் மண் நன்றாக அறியும். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அதைச் செய்துவருகிறது. அளவெடுப்பார்கள், பொருத்துவார்கள், நடக்கப் பழக்குவார்கள், தேய்ந்தால் திருத்துவார்கள். அலங்காரத்துக்காகக் கால் கேட்கிறாயா என்று எவரும் கேட்டதில்லை. மார்பு இழந்தவருக்கும் அதே மரியாதை வேண்டும். பெரிய செலவு தேவையில்லை. பல அளவுகளில் போட்டுப் பார்க்கக்கூடிய மார்புகள், அளவெடுக்கப் பழகிய ஒரு பெண் தாதி, ஒரு கண்ணாடியும் கதவும் உள்ள அறை. இவ்வளவு இருந்தால் சத்திரசிகிச்சையின் தொடர்ச்சியாகவே இதைச் செய்துவிடலாம். வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள் தனித்தனிப் பொதிகளாக அனுப்புவதற்குப் பதில் வைத்தியசாலைகளோடு பேசி, தேவையான அளவுகளைக் கேட்டு மொத்தமாக அனுப்பலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக்கில் தாதியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "எனக்கு ஏற்றது எது, எங்கே எடுக்கலாம்?" ஒருவர் கேட்டால் பதில் கிடைக்காமற்போகலாம். கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு பெண்ணும் கேட்கத் தொடங்கினால் அங்கே ஓர் அலுமாரி வந்தே தீரும்.

அடுத்த வாரம்: சிகிச்சைக் காலத்தில் வீட்டுச் சாப்பாடு – எதைச் சாப்பிடலாம், எதை விடலாம்?

(தொடரும்)