எந்தத் துறையின் கதவைத் தட்டுவது?

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் ரயில் சந்திப்பும் நினைவுக்கு வரும். அடுத்து வருவது பீங்கான் தொழில். எங்கள் ஊரில் சூளையருகே ஒரு தொழிலாளி முகம் சிவந்து, தலை சுற்றி, நினைவிழந்து சாய்ந்தால், வெப்பம் தாக்கிவிட்டது என்பார்கள். உடலில் தடிப்புகள் எழுந்தால் காணாக்கடி என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால், இவை ஒருவருக்கே மீண்டும் மீண்டும் நேர்ந்தால் இன்னொரு காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'மாஸ்டோசைட்டோசிஸ்' என்னும் அரிய நோய் அது.

தோல், குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் காவலர்களைப் போல இருப்பவை மாஸ்ட் செல்கள். 1878-இல் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் இவற்றுக்குப் பெயரிட்டார். இவற்றுள் ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருள்கள் நிரம்பியுள்ளன. இச்செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும்போது வெப்பம், உராய்வு, குளவிக்கடி, மது, சில வலிநிவாரணிகள் போன்றவைகூட அவற்றைத் தூண்டிவிடும். தோல் சிவத்தல், வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தம் சரிந்து மயங்குதல் ஆகியவை தொடரும். குழந்தைகளிடம் இந்நோய் பெரும்பாலும் தோலோடு நின்று, வளரிளம் பருவத்துக்குள் தணிந்துவிடுகிறது. வயதுவந்தோரிடம் எலும்பு மஜ்ஜை வரை பரவி நீடிக்கிறது.

நோயாளியின் அலைச்சல் இங்கேதான் தொடங்குகிறது. தடிப்புக்குத் தோல் மருத்துவர், வயிற்றுப்போக்குக்குக் குடல் மருத்துவர், மயக்கத்துக்கு இதய மருத்துவர் என அவர் பல கதவுகளைத் தட்டுகிறார். ஒவ்வொருவரும் தம் துறைக்குரிய உறுப்பைச் சோதித்து, குறையில்லை என்கின்றனர். இறுதியில் எல்லாம் மனப்பதற்றம் என்ற முடிவுடன் அவர் வீடு திரும்ப நேர்கிறது. மாஸ்ட் செல் நோய்க்கென்று மருத்துவமனைகளில் தனித்துறை இருப்பதில்லை. தோல், ஒவ்வாமை, ரத்தவியல் ஆகிய மூன்று துறைகள் ஒருங்கே கைகோக்க வேண்டிய நோய் இது.

எனவே, சிறப்பு மருத்துவரைத் தேடும் பயணம் வேலூரிலோ புதுச்சேரியிலோ தொடங்குவதில்லை. உள்ளூர் மருத்துவமனையில்தான் தொடங்குகிறது என்பதே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. காரணம், நேரம். மாஸ்ட் செல்கள் வெடித்து வெளியிடும் 'டிரிப்டேஸ்' என்னும் நொதி, அறிகுறி தோன்றிய நான்கு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்ட ரத்தத்தில்தான் தெளிவாகத் தென்படும். நோயாளி பெருநகரம் சென்று சேர்வதற்குள் அந்தச் சான்று மறைந்துவிடும். முதலில் அட்ரினலின் ஊசி போட்டு உயிரைக் காக்க வேண்டும். அடுத்து ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்துக் குளிர்நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முழுமையாகக் குணமடைந்து ஒரு நாளேனும் கழிந்தபின் மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். இந்த இயல்பு அளவைவிட, நெருக்கடியின்போது இருந்த அளவு 20 சதவீதமும் அதன்மேல் 2 நானோகிராமும் கூடுதலாக இருந்தால், மாஸ்ட் செல்கள் கிளர்ந்தெழுந்தன என்பது உறுதியாகும். இயல்பு அளவே ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை பற்றி ரத்தவியல் மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களும், தடிப்புகளின் புகைப்படங்களும், எப்போது எதனால் மயக்கம் வந்தது என்ற குறிப்பும் ஒரே கோப்பில் இருந்தால், ஜிப்மரிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ நோயாளி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நோய் உறுதியானால் அஞ்சத் தேவையில்லை. பெரும்பாலோருக்கு இது மெதுவாக நகரும் வகையே. விலை குறைந்த ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளும், தூண்டுதல்களைத் தவிர்ப்பதும் அவர்களுக்குப் பெரிதும் உதவுகின்றன. அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்வது உயிர்காக்கும் செயல். தீவிர வகைக்கு உள்ளானவர்களின் நிலைதான் வேறு. வயதுவந்த நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் 'கிட்' என்னும் மரபணுவில் ஒரே வகைப் பிறழ்வு காணப்படுகிறது. இந்தியாவில் மலிவாகக் கிடைக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு இந்தப் பிறழ்வு கட்டுப்படுவதில்லை. கட்டுப்படுத்தவல்ல மிடோஸ்டாரின் 2017-லும், அவாப்ரிடினிப் 2021-லும் இந்நோய்க்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. அவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது.

மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. அதன்கீழ் உயர்சிறப்பு மையங்களில் ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை உதவி கிடைக்கிறது. ஆனால், 2021-இல் வெளியான நோய்ப் பட்டியலில் மாஸ்டோசைட்டோசிஸ் இடம்பெறவில்லை. தீவிர வகையையேனும் அதில் சேர்ப்பது அவசியம்.

அதைவிட எளிதான பணி மாநில அரசின் கையில் உள்ளது. காரணம் தெரியாத ஒவ்வாமை அதிர்ச்சியுடன் வருவோரிடம் டிரிப்டேஸ் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்குமாறு தாலுகா மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அந்த மாதிரிகளைச் சோதிக்க மண்டலத்துக்கு ஓர் ஆய்வகத்தை அடையாளம் காட்டலாம். தானே செலுத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், தவிர்க்க வேண்டியவற்றையும் அவசர சிகிச்சையையும் தமிழில் குறிப்பிடும் அட்டையை நோயாளிகளுக்கு வழங்கலாம். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

நோய் அரிதாக இருக்கலாம். அதைக் கண்டறியும் வாய்ப்பும் அரிதாக இருக்க வேண்டியதில்லை.