ராணி கதை பொய், கிளாஸ் நிஜம்! பழைய ஷாம்பெயின் கோப்பையைப் பரிசாக வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

கல்யாணம், திருமண நாள் என்றால் பழைய ஷாம்பெயின் கிளாஸ்களைத் தேடிப்பிடித்துப் பரிசளிக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறது. குறிப்பாக 'கூப்' எனப்படும், அகலமான, ஆழமில்லாத கிண்ணம் போன்ற கிளாஸ். இதோடு ஒரு கதையும் சேர்ந்தே விற்பனையாகும். பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட்டின் மார்பை அச்சு எடுத்துச் செய்ததாம்!

உண்மை என்ன?

ராணிக்காக பாரிஸ் அருகே ராம்பூயேவில் ஒரு பால் மாளிகை கட்டப்பட்டது. அதற்காக 1780-களின் இறுதியில் செவ்ர் பீங்கான் தொழிற்சாலை மார்பு வடிவக் கிண்ணங்கள் செய்து கொடுத்தது நிஜம். ஆனால் அவை பால் குடிக்கத்தான். ஷாம்பெயினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ராணியின் உடலை அச்சு எடுத்ததற்கும் ஆதாரம் கிடையாது. ஆக, இந்தக் கதைக்காக ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

அப்போ எதற்குக் காசு கொடுக்கலாம்?

தண்டு உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும் கூப் கிடைத்தால் விடாதீர்கள். தண்டின் அடியிலிருந்தே குமிழ்கள் வரிசையாக மேலே ஏறும், பார்க்கவே அழகு. ஆனால் கழுவுவது பெரும்பாடு. பிடிக்கும்போது கைச்சூடு நேராக ஒயினுக்குப் போய்விடும் என்பது இன்னொரு குறை.

மஞ்சள் பச்சை நிறத்தில் இருந்தால் யுவி டார்ச் அடித்துப் பாருங்கள். பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அது யுரேனியம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். 1940-களில் அணு ஆராய்ச்சிக்காக யுரேனியத்தை அரசுகள் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்ததால் இதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றது. கதிர்வீச்சு மிகக் குறைவு, அலமாரியில் வைக்கப் பயமில்லை. குடிக்க மட்டும் வேண்டாம்.

ஈயம் இருக்குமா?

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கனமாக இருந்து, விரலால் சுண்டினால் மணி போல நீண்டு ஒலித்தால் ஈயம் கலந்த கிரிஸ்டலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய விதிப்படி 'லெட் கிரிஸ்டல்' என்று சொல்ல ஈய ஆக்சைடு 24 சதவீதமாவது இருக்க வேண்டும். பானம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு ஈயம் கசியும். ஊற்றி உடனே குடித்தால் கசிவது கொஞ்சம்தான், ராத்திரி முழுக்க ஊற்றி வைப்பதுதான் ஆபத்து. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் ஜூஸ்கூட கொடுக்காதீர்கள். பரிசு தரும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், டிஷ்வாஷர் கூடவே கூடாது. கண்ணாடி மங்கிவிடும், தங்க விளிம்பு உரிந்துவிடும்.