உறையில் இட்டு அனுப்புதல்: வலைப்பக்கப் பகுதிகளைக் கையாளும் முறை

திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம், கேரளப் பள்ளிகளின் விவரங்களை 'ஸ்கூல்விக்கி' என்னும் தளத்தில் தொகுத்து வருகின்றது. 2009-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இத்தளம் மீடியாவிக்கி என்னும் மென்பொருளால் இயங்குகின்றது. அம்மென்பொருள் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டதாகும்.

ஆசிரியர் ஒருவர், தாம் எழுதிய பத்தி எவ்வாறு தோன்றும் என்பதைச் சேமிக்குமுன் காண விரும்புகின்றார் எனக் கொள்வோம். அதற்கென முழுப் பக்கத்தையும் மீண்டும் வரவழைப்பின், இணைப்பு மெதுவாக உள்ள ஊர்களில் நேரம் வீணாகும். மீடியாவிக்கியில் இதற்கு வழியுண்டு. எழுதிய உரை மட்டும் வழங்கிக்குச் செல்லும், எச்.டி.எம்.எல். வடிவம் பெற்ற அப்பகுதி, ஜேசன் என்னும் உறையில் அடங்கித் திரும்பும். பக்கத்தின் ஏனைய பகுதிகள் மாறாதிருக்கும். இத்தகைய முறைக்கு 2005-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 'அஜாக்ஸ்' எனப் பெயரிட்டார்.

இம்முறையைத் தாமே கையாள்வோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். பி.எச்.பி. நிரல், வெளியிடுமாறு பணிக்கப்பட்டதை உலாவியை நோக்கி நேரே செலுத்தும் இயல்புடையது. கடிதத்தை உறையிலிடுமுன் அஞ்சற் பெட்டியில் போட்டுவிட்டதை ஒக்கும் இது. ஆகவே, வெளிப்பாட்டை முதலில் நினைவகத்தில் தேக்கி, பின்னர் ஒரு மாறியில் ஏற்றுதல் வேண்டும்.

இதற்கு மூன்று படிகள் உள்ளன. முதலாவது, 'ஓபி ஸ்டார்ட்' என்னும் கட்டளையால் தேக்கம் தொடங்கும். இரண்டாவது, மாணவர் பட்டியல் போன்ற பகுதியை வழக்கம்போல் எழுதலாம். அஃது உடனே வெளியே செல்லாது. மூன்றாவது, 'ஓபி கெட் க்ளீன்' என்னும் கட்டளை, தேங்கியதனைத்தையும் ஒரே சரமாக மாறியில் தந்து, தேக்கத்தையும் முடித்துவிடும். அச்சரத்தை 'ஜேசன் என்கோட்' வாயிலாக உறையிலிட்டு அனுப்பலாம்.

கவனிக்கத்தக்கவை சில உண்டு. உறைக்கு வெளியே ஓர் எச்சரிக்கை வரி கலந்து சென்றாலும், உலாவி ஜேசனைப் படிக்க இயலாது போகும். பணியாளர் திரையில் யாதொரு மாற்றத்தையும் காணார். பயனர் எழுதிய உரையை, 'எச்.டி.எம்.எல். ஸ்பெஷல் சார்ஸ்' கட்டளையால் பக்குவப்படுத்திய பின்னரே பட்டியலில் சேர்த்தல் வேண்டும். தவறினால், தீய நிரற்குறிப்புகள் பிறருடைய உலாவியில் இயங்கக்கூடும். மிகப் பெரிய பட்டியல்களை முழுவதும் தேக்குவதால் நினைவகம் நிரம்பிவிடுமாதலின், அவற்றைப் பகுதி பகுதியாக அனுப்புதல் நலம்.